கிளியில் ஐந்து சாதி

கிளியைப் பற்றி யாராவது கொஞ்சிப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். கிளி என்ன செய்தது, பாவம். ஆனாலும் வரும். பதினெட்டு வயதில் என் தலையெழுத்தை ஒரு கிளிப் படத்தைக் காட்டித்தான் தீர்மானித்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்த பதிலை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கண்டிச் சீமையில், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் லயம், கூலி ஆட்களின் வரிசை வீடு, இருந்தது. அக்காவைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை பெற்ற ஆறாம் நாள் அவள் செத்துப்போனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. காரியம் முடிந்த கையோடு பெரியவர்கள் கூடிப் பேசி, அந்தப் பிள்ளைக்குத் தாயாக என்னையே அக்கா புருஷனுக்குக் கட்டிவைப்பது என்று முடிவு செய்தார்கள். எங்கள் ஆட்களிடையே அது புதிதில்லை. ஆனால் அக்காவை அவன் விறகுக் கட்டையால் அடித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். "எந்த ஆம்பளதான் அடிக்கல?" என்று கேட்டுவிட்டுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தார். கொழுந்து பறித்த நேரம் போக, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்டியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பாடசாலை ஒன்று உண்டு, அங்கேயே தங்கி இரண்டு வருஷம் படிக்கலாம் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். மூன்று நாள் அழுது, நாலாம் நாள் அப்பாவின் காலைப் பிடித்தேன். "எடம் கெடச்சா போ. கெடைக்காட்டி தையில தாலி. அதுக்கு மேல என்னால பேச முடியாது" என்றார். அவர் அவ்வளவு பேசியதே பெரிது.

விண்ணப்பத்தை வாத்தியார்தான் நிரப்பினார். பெயர், வயது, சமயம் எல்லாம் எழுதி வந்தவர், சாதி என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். எங்கள் சாதி, மற்றவர்கள் கிணற்றடிக்குப் பக்கத்திலும் விடாத சாதி. "இந்த எடத்த வெறுமனே விட்ருவோம். அவங்களா கேட்டா மறைக்காம சொல்லிடு, பொய் சொன்னா பொறகு பிடிச்சிக்குவாங்க. கேக்காட்டி நீயா வாயத் தொறக்காத" என்றார். அன்றிலிருந்து அந்த வெற்றிடம் என் கனவிலும் வந்தது.

போன வருஷம் அந்தப் பரீட்சைக்குப் போய்த் தோற்ற ஒருத்தி கலஹாவில் இருந்தாள். அவளைத் தேடிப் போனேன். எழுத்துப் பரீட்சை எல்லாம் சும்மா, பொது அறிவை நேரில் கூப்பிட்டுக் கேட்பார்கள், அதில்தான் கழித்துவிடுகிறார்கள் என்றாள். அங்கே தலைமையில் இருக்கும் வெள்ளைக்காரத் துரைசாணிக்குப் பறவைப் பைத்தியமாம். இந்தத் தீவில் எத்தனை வகைக் கிளி இருக்கிறது என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். "பச்சைக்கிளின்னேன். பஞ்சவர்ணக்கிளின்னேன். அதுக்கு மேல ஒண்ணும் ஓடல. வெட்டுக்கிளின்னு சொல்லிட்டேன்" என்றாள். ஒரு வருஷம் கழித்தும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. அவள் மடியில் அதற்குள் ஒரு பிள்ளை இருந்தது.

நான் விடவில்லை. தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஒரு சிங்களத்தி சோளம் போட்டிருந்தாள். கிளிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள். அவளிடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய், கிளி விரட்டிக் கொடுத்தபடியே கேட்டுக்கொண்டேன். தோளில் சிவப்பு உள்ள பெரியது லபு கிரவா. தலை சாம்பல் நிறமாய், கழுத்தில் பச்சைப் பட்டை உள்ளது அளு கிரவா. தலைகீழாகத் தொங்கித் தூங்கும் சின்னஞ்சிறியது கிரா மலித்தா. இவை போக, நாட்டுப்புறத்தில் கூட்டமாக வரும் சாதாரணப் பச்சைக்கிளி, பிறகு ஆணுக்கு மட்டும் செந்தலை வைத்த ஒன்று. மொத்தம் ஐந்து. ஆணுக்குக் கழுத்தில் வளையம், பெட்டைக்கு இல்லை; அதை வைத்து இரண்டாக எண்ணி ஏமாறக் கூடாது என்று அவள் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். கொழுந்து பறிக்கும்போதும் உதடு ஐந்தையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து நிரையில் நின்றவள், "கல்யாணக் கனவா?" என்று கிண்டல் செய்தாள். அவள் மேல் கூடையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

ஐப்பசி மழையில் அப்பாவும் நானும் கலஹாவில் பஸ் ஏறி, பேராதனை வழியாகக் கண்டிக்குப் போனோம். பாடசாலை, குளத்துக்கு மேலே மேட்டில் இருந்தது. அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எழுத்துப் பரீட்சை முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் துரைசாணி ஒரு கதிரையில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்துக் கதிரையில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், கேள்வி கேட்பதற்கும் மொழிபெயர்ப்பதற்கும்.

"இரும் பிள்ளை" என்று எதிரே கிடந்த கதிரையைக் காட்டினார் டீச்சர். நான் நின்றுகொண்டே இருந்தேன். பெரிய கங்காணி வீட்டிலும் நான் கதிரையில் உட்கார்ந்ததில்லை.

நீளமான ஆறு எது, இடி ஏன் பிந்திக் கேட்கிறது, மலேரியாக் காய்ச்சல் எதனால் வருகிறது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன். துரைசாணி, தான் வரைந்த கிளிப் படங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஐந்தும் இருந்தன. லபு கிரவாவின் தோள் சிவப்பு, அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் என் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். அவர் விரல் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியாதா?

"என்ன சாதி?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

நான் எங்கள் சாதியின் பெயரைச் சொன்னேன்.

டீச்சர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருடைய மற்றக் கையைக் கண்டேன். அது முதல் படத்தின் மேல் இருந்தது.

"நான் கிளியையெல்லோ கேட்டனான்" என்றார் மெதுவாக.

எங்கள் லயத்தில் கோழிக்கும் மாம்பழத்துக்கும் ரகம் என்போம், தினுசு என்போம். சாதி என்ற சொல்லை மனுசருக்கு மட்டும்தான் வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தார் அதை எதற்கும் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நிலம் பிளந்து விழுங்காதா என்று நின்றேன்.

நான் என்ன சொன்னேன் என்று துரைசாணி ஆங்கிலத்தில் கேட்டார். டீச்சர் ஒரு கணம் யோசித்தார். இந்தக் கிளியைத் தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பதில் சொன்னார். அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். துரைசாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளூர்ப் பெயர்களைச் சேர்க்கிறவராம். பென்சிலை எடுத்து எழுத்துக் கேட்டார். டீச்சர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, துரைசாணி கிளிப் படத்துக்கு அடியில் எங்கள் சாதியை அழகாக எழுதிக்கொண்டார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. யாரும் கேட்காமலே தொடங்கிவிட்டேன். லபு கிரவா, அளு கிரவா, கிரா மலித்தா என்று ஒன்று விடாமல், எது எங்கே மேயும், எதன் கழுத்தில் வளையம், எது தலைகீழாகத் தூங்கும் என்று அழுதுகொண்டே கொட்டினேன். மூக்கு ஒழுகியது. டீச்சர் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கத் துரைசாணி தலையாட்டினார். கடைசியில் டீச்சர், "காணும் பிள்ளை, போம்" என்றார். போதும் என்பதைத்தான் அவர்கள் காணும் என்கிறார்கள் என்று அப்போது தெரியாது. எதைக் காணவில்லை என்று விழித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பஸ் ஜன்னலில் மகாவலி கலங்கி ஓடியது. பார்த்துக்கொண்டே வந்தேன். என்ன நினைத்தேன் என்று எழுத இப்போதும் மனம் வரவில்லை. அடுத்த வாரம் அக்கா புருஷன் கூறைப்புடவை எடுத்துக் கொண்டுவந்தான். அம்மா அதைப் பிரித்து என் தோளில் போட்டு அழகு பார்த்தாள்.

மார்கழியில் கடிதம் வந்தது. வாத்தியார் லயத்துக்கு ஓடிவந்து, வாசலில் நின்றபடியே வாசித்தார். எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆங்கிலத்தில் தட்டெழுத்து. அதற்கு அடியில் மையால் ஒரு வரி தமிழில்: சாப்பாட்டுத் தட்டும் குவளையும் வீட்டிலிருந்து கொண்டுவரவும்.

அப்பா திண்டாடிப்போனார். சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. அக்கா புருஷன் வந்து சத்தம் போட்டான். "போகட்டும் விடுங்க" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அப்பா பேசவில்லை. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்த அம்மா, மூன்றாம் நாள் தன் சீர்த் தட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். "பெரிய எடம். தட்டு பளிச்சுன்னு இல்லாட்டி என்னயத்தான் சொல்லுவாங்க" என்றாள்.

விடுதியில் முதல் நாள் பகல் சாப்பாடு. மணி அடித்ததும் தட்டையும் குவளையையும் எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு வந்திருந்த மற்றப் பெண்கள் வாசலில் அடுக்கியிருந்த வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு நீள வாங்குப் பலகைகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சமையல்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதென்னத்துக்கு புள்ள தூக்கிட்டு வந்த? இங்கதான் எல்லாருக்கும் தட்டு இருக்கே."

கூடத்தின் மறுகோடியில் அந்த டீச்சர் பெயர்ப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் தலை நிமிரவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு வேற" என்றார். ஜன்னலோரம் தனியாகக் கிடந்த ஒரு முக்காலியைக் கையால் காட்டினார்.

முப்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். கால் வாசல் பக்கம் திரும்பியது உண்மை. ஆனால் அந்த வாசலால் போனால் எங்கே போய்ச் சேருவேன் என்று எனக்குத் தெரியும். முக்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்தேன். சோறு போட்டார்கள். சாப்பிட்டேன்.