தங்கை சொல்லாத ‘சரி’

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபது. தங்கை அப்போது தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நின்று, எழுத்து தெரியாத ஒரு பெரியவருக்காக காலை மாத்திரை அட்டையின் மேல் அடையாளமாகச் சூரியன் படம் வரைந்துகொண்டிருந்தாள். போனில் அண்ணி, “கிளம்பி வா” என்றாள். சூரியனை வரைந்து முடித்து, அட்டையைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுத்தான் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருஷம் அடுக்குமாடிகளின் உச்சியிலிருக்கும் இயந்திர அறைகளிலும் அடியிலிருக்கும் குழிகளிலும் காலம் தள்ளியவர். யார் வீட்டுக்குப் போனாலும் லிஃப்டில் ஏறியதும் காதைச் சாய்ப்பார். இரண்டாவது மாடி வருவதற்குள் அந்த லிஃப்டின் ஜாதகத்தையே புட்டுப்புட்டு வைத்துவிடுவார். ஓடுகிற எதைப் பார்த்தாலும், “இது எப்படி நிக்கும்?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தங்கையைக் கட்டிக்கொள்ள வந்தவரிடமும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “கோவம் வந்தா எவ்வளவு நேரத்துல நிக்கும்?”

அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. அவர்களுடைய அப்பா ஒருமுறை விற்பனைக்காரன் ஒருவனின் வாய்ஜாலத்தில் மயங்கி, கிணற்றில் இறக்குகிற மோட்டார் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். வீட்டில் கிணறு கிடையாது. அன்றைக்கே அம்மா தீர்ப்புச் சொன்னாள்: இனிமேல் மோட்டார் வைத்த எந்தப் பொருளும் அண்ணன், தங்கை இருவரும் ‘சரி’ சொல்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது. அப்பா போய், அம்மாவும் போய், தங்கை கல்யாணமாகி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்துக்குக் குடிபோன பிறகும் அந்தச் சட்டம் மட்டும் போகவில்லை. அவள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு அண்ணன் ‘சரி’ சொல்ல ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை அவள் கையால்தான் துவைத்தாள். வெளியாட்களுக்கு இது கூத்தாகத் தெரியும். ஒருவரையொருவர் தேடிப் பேசுவதற்கு அவர்களுக்கு அது ஒரு சாக்கு. வேறு சாக்கு அவ்வளவாகக் கைவரவில்லை.

ஓய்வு பெற்றதும் அவர் கண் வீட்டைச் சுற்றி நின்ற மரங்கள் மேல் விழுந்தது. யாரும் நடாமல் தானாக முளைத்த ஐந்து மரங்கள். ஒன்று கூரை மேல் சாய்ந்து ஓடுகளை உரசிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் வேர் மதில்சுவரைத் தூக்கிவிட்டிருந்தது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கிளை உள்ளே வந்து நலம் விசாரிக்கும்.

“மரம் அறுக்க பேட்டரி செயின்சா ரெண்டு பாத்து வெச்சிருக்கேன்,” என்று தங்கைக்குப் போன் செய்தார். “ஒண்ணு பன்னிரண்டு அங்குலம், ஒண்ணு பதினாறு. எதுக்கு சரி சொல்ற?”

“பெட்ரோல்ல ஓடுறதையும் பாத்தியா அண்ணா?”

“அதுக்குக் கயிறு பிடிச்சு இழுக்கணும். வெடுக்குன்னு எதையும் இழுக்கக் கூடாதுன்னு சொன்ன அரை டாக்டர் யாரு?”

அரை டாக்டர் என்பது அவளுக்கு அவர் வைத்த பட்டம். இரண்டு வருஷத்துக்கு முன் இதய அடைப்புக்காக அவருடைய நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மாதாமாதம் அவருக்கான மாத்திரையை எண்ணிக் கட்டி அனுப்புகிறவள் அவள்தான். அவர் ‘செயின்சா’ என்றதும் அவள் மனசுக்குள் ஒரு ஏணி எழுந்து நின்றது. அதன் உச்சியில் அண்ணன், கையில் ஓடுகிற ரம்பம்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் சட்டப்படி காரணம் சொல்லியாக வேண்டும். உனக்கு வயசாகிவிட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது என்பதுதான் காரணம். அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை. அதனால் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

செயின் அறுந்தால் எந்தப் பக்கம் பறக்கும்? ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஒரு சார்ஜில் எத்தனை நிமிஷம் ஓடும்? பதில் வந்தது. நுனி மரத்தில் இடித்தால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறுமாமே? அதற்காக அவர் கடைக்கே போய், கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பிரேக்கைப் பதினோரு முறை தட்டிப் பார்த்தார்.

“சார், வாங்க வந்தீங்களா, பரீட்சை வெக்க வந்தீங்களா?” என்றான் கடைக்காரன்.

“ரெண்டும் இல்லப்பா. தங்கச்சிக்குப் பதில் எழுத வந்தேன்.”

இதை அவரே போனில் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள்: “பேட்டரியோட சேத்து அஞ்சு கிலோ வருமே, தோள் தாங்குமா?” அவர் ஒரு பையில் ஐந்து கிலோ மணலைக் கட்டி, தினமும் சாயங்காலம் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நேரம் பார்த்தார். “நாலு நிமிஷம் தாங்குது. பன்னிரண்டு அங்குலமே போதும், அது எடையும் கம்மி. இப்பவாவது சரி சொல்லு.”

கேள்வி தீர்ந்துவிட்டது. “மழை முடியட்டும் அண்ணா, பாக்கலாம்,” என்றாள்.

மழை முடிந்தது. “அரை வருஷம் ஓட்டிட்டேன்,” என்று கணவனிடம் பெருமையாகச் சொன்னாள். “இன்னும் ரெண்டு மாசம் இழுத்தா மறந்துடுவார்.”

“யாரு, உங்கண்ணனா?” என்றார் அவர். “லிஃப்டே மறந்தாலும் அவர் மாடியை மறக்க மாட்டார்.”

அவள் ஏணியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு கைரம்பம் இருந்ததை நினைக்கவில்லை. கைரம்பத்தில் மோட்டார் கிடையாது. அதற்கு யாருடைய சரியும் தேவையில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது கூடத்தில் அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். முழங்கை வரை மரத்தூள் ஒட்டியிருந்தது. துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை போலும். அண்ணி அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள்.

“மூணு வாரமா காலைல ஒரு மணி நேரம் அறுப்பார். ரெண்டு மரம் முடிச்சிட்டார். இன்னிக்கு மூணாவது. மூச்சு வாங்குதுன்னு படியில வந்து உக்காந்தார். நான் சோத்தை வடிச்சிட்டுத் தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள...”

“என்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணி.”

“சொன்னா நீ திட்டுவியோன்னு பயம். நீங்களே போய் வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? ‘அவ சரி சொல்லாம எப்படி?’ன்னார்.”

அண்ணி அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். லிஃப்ட் பராமரிப்புக்கு அவர் எழுதிய அதே கட்டம் போட்ட நோட்டு. இடப்பக்கம் தங்கையின் கேள்விகள், தேதியோடு. வலப்பக்கம் பதில்கள். மணல் பையைத் தூக்கிய நாட்களுக்குத் தனிப் பக்கம். முதல் நாள் ஐம்பது விநாடி, கடைசி நாள் நாலு நிமிஷம். கடைசிக் கேள்விக்குக் கீழே, சின்ன எழுத்தில்: “பயப்படுகிறாள். கேட்கட்டும்.”

அவள் அதை இரண்டு முறை படித்தாள். தான் செய்ததைச் சொல்லாமல் இந்த வீட்டை விட்டுப் போக முடியாது என்று தோன்றியது.

“அண்ணி, நான் வேணும்னுதான் இழுத்தடிச்சேன். ரம்பம் இல்லேன்னா மரம் ஏற மாட்டார்னு நெனச்சேன்.”

அண்ணி அடுப்பு மேடையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். கோபிப்பாள் என்று எதிர்பார்த்தாள் தங்கை. கோபித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்,” என்றாள் அண்ணி. “பயமா இருக்கு அண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா நீ. ஆள் வெச்சு மரத்தை வெட்டியிருப்பார். நீ வாய் திறந்து சொல்லணும்னுதான் அவரும் காத்துக்கிட்டிருந்தார்.”

தங்கை நோட்டை மறுபடி புரட்டினாள். அவர் அவளுடைய ஒரு கேள்வியைக்கூடப் பதிலில்லாமல் விட்டதில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு அவள் பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள். படியில் கைரம்பம் கிடந்தது, பக்கத்தில் ஒரு முக்கோண அரம். மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை, ரம்பத்தின் பற்களைத் தீட்டியிருக்கிறார். அவள் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். பிடியிலிருந்து முப்பத்தெட்டுப் பல் வரை அரம் போட்டிருந்தது. மீதி மழுங்கலாகவே இருந்தது.