கோடு கறுக்கணும்

கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி அது. நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. பிரெஞ்சுக்காரர் காலத்துப் படிப்பு. கோபம் வந்தால் தமிழ், சந்தோஷம் வந்தால் பிரெஞ்சு என்று மாறி மாறிப் பேசுவார்.

முதல் நாளே அவர் எனக்குக் காட்டியது ஒரு டேப். பிரான்சில் இருந்த அவருடைய தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவாராம். சந்தன நிறம், அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சாய்வான கோடுகள். காயத்துக்கு வைக்கும் காஸ் என்ற வலைத்துணி, துணி, இடுக்கி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, மேலே இந்த டேப்பை ஒரு விரல் நீளம் ஒட்டி, கரண்ட்டில் ஓடும் ஆட்டோகிளேவுக்குள் வைப்போம். பெரிய இரும்பு அண்டா மாதிரி இருக்கும் அது. அழுத்தத்தில் கொதிக்கும் ஆவி கிருமிகளைக் கொன்றுவிடும். வெளியே எடுத்தால் டேப்பில் இருந்த கோடுகள் மை பூசினாற்போல் கறுத்திருக்கும். எனக்கு அது பெரிய வித்தையாக இருந்தது.

"மேல கறுத்தா மட்டும் போதாது. ஆவி நடுவுல போகாம இருந்துடும்" என்று மூட்டைக்குள்ளேயும் ஒரு துண்டு வைக்கச் சொல்வார்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் இட்லிப் பானைக்குள் ஒட்டிவிட்டேன். இட்லி பஞ்சாக வெந்துவிட்டது, கோடு அசையவே இல்லை.

என் மாமியார் எட்டிப் பார்த்தார். "என்ன இது?"

"வெந்தா கறுக்கும் அத்தை."

"கறுக்கலையே. அப்ப என் இட்லி வேகலைன்னு சொல்றியா?"

இட்லிப் பானையில் அழுத்தம் கிடையாது, அந்தச் சூடு போதாது என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு நாள் அந்த டேப்போடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, என்னோடும் இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் ஊரே ஊறிக்கிடந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. இருந்த மூட்டைகளை எல்லாம் ஒரு பிரசவத்துக்குப் பிரித்துவிட்டோம். மத்தியானம் கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு மீனவரை மீன் லாரியில் கூட்டிக்கொண்டு வந்தார் அவர் மனைவி. அலையில் படகைக் கரைக்கு இழுக்கும்போது தகரம் கிழித்து, வலது உள்ளங்கை குறுக்கே பிளந்திருந்தது. கையைச் சுற்றியிருந்த துண்டு முழுக்க ரத்தம்.

டாக்டரம்மா காயத்தைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். "நரம்பு தெரியுது. கோரிமேடு பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

"வழியில மரம் விழுந்து கெடக்குதும்மா. பஸ்ஸே போகல" என்றார் அந்தம்மா.

டாக்டரம்மா இறுக்கிக் கட்டுப் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டார். ஊசியும் கத்தரியும் ஸ்டவ்வில் கொதிக்கவைத்துக்கொள்ளலாம். நனைக்க முடியாத துணியையும் காஸையும் என்ன செய்வது? அப்போதுதான் எனக்குக் குக்கர் ஞாபகம் வந்தது. என் கல்யாணத்துக்கு வந்த பிரஷர் குக்கர். அழுத்தத்தில் ஆவி, அதேதான்! சொன்னதும் டாக்டரம்மா ஒரு நொடி யோசித்தார். "கொண்டா, பாப்போம்."

மழையில் ஓடினேன். அடுப்பில் குக்கர், உள்ளே பருப்பு. என் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னதும், "நீ கீழ போட்டு உடைச்சிடுவ, நானே வரேன்" என்று பருப்பை வேறு பாத்திரத்தில் கொட்டி, தேய்த்துக் கழுவி, குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு குடை பிடித்தபடி வந்துவிட்டார்.

அடியில் தண்ணீர், அதன்மேல் தட்டு, தட்டின்மேல் சின்ன மூட்டை. வெளியே ஒரு டேப், நடுவில் ஒரு டேப். ஸ்டவ்வைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் மாமியாரே எடுத்துக்கொண்டார். நான் உள்ளே மீனவரின் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் குக்கர் கீழே இறங்கியிருந்தது.

"ஏன் அத்தை எறக்குனீங்க?"

"மூணு விசில் வந்துடுச்சே."

திறந்து பார்த்தோம். வெளியே இருந்த கோடுகள் வெளிறிய காபி நிறம். நடுவில் இருந்தவை அப்படியே, பச்சைப் பிள்ளை மாதிரி.

மீனவருக்குப் பொறுமை போய்விட்டது. "கடல்ல உப்புத் தண்ணி ஊத்திட்டு வேலைய பாப்போம்மா. இதுக்கு இவ்ளோ பூஜையா? தைச்சு விடுங்க."

"கோடு கறுக்காம நான் கை வைக்க மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "உள்ள சீழ் புடிச்சா இந்த விரலுங்க மடங்காது. அப்புறம் வலைய எப்படி இழுப்ப?"

மீனவர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மனைவி மட்டும் எழுந்துபோய் ஸ்டவ் பக்கத்தில் என் மாமியாரோடு உட்கார்ந்துகொண்டார்.

மூட்டை இறுக்கமாக இருந்ததுதான் இன்னொரு தப்பு. தளர்த்திக் கட்டி, தண்ணீர் ஊற்றி, மறுபடி வைத்தோம். இந்தத் தடவை விசிலை எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். விசில் வரும்போதெல்லாம் என் மாமியாரின் கை தானாக ஸ்டவ்வை நோக்கிப் போகும். மீனவர் மனைவி அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் முன்பின் பழக்கமில்லை. அரைமணி நேரம் கழித்து இறக்கும்போது மருமகளைப் பற்றிய குறைகள் வரைக்கும் பேச்சு வந்திருந்தது. என் காதில் விழ வேண்டும் என்றே சில பேசப்பட்டன.

ஆவி அடங்கியதும் டாக்டரம்மாவே மூடியைத் திறந்தார். வெளிக் கோடுகள் கன்னங்கரேல். மூட்டையை இடுக்கியால் பிரித்து நடுத் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதுவும் கறுப்பு.

"வுவாலா!" என்றார். அந்த மழை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பிரெஞ்சு வார்த்தை அதுதான்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஜன்னலோரம் மேஜையை இழுத்து, பகல் வெளிச்சத்திலேயே தைத்து முடித்தார். நான் காஸ் எடுத்துக் கொடுத்தேன். மீனவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் மனைவியிடம் படகைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர்தான் பாவம். ரத்தம் பார்த்த இடத்துக்குப் போன குக்கரில் சாப்பிட மாட்டேன் என்று அன்று ராத்திரி அடம்பிடித்தார். "ஊர்லயே சுத்தமான குக்கர் இதுதான்டா" என்று என் மாமியார் அதே குக்கரில் பருப்பை வேகவைத்து அவர் இலையில் ஊற்றினார்.

சீழ் பிடிக்கவில்லை. தையல் பிரித்த பிறகு விரல் பயிற்சிக்காக அந்த மீனவர் பலமுறை வந்தார். சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் டாக்டரம்மா தன் கையை நீட்டி, "எங்க, புடி பாப்போம்" என்றார். மீனவர் பிடித்த பிடியில் டாக்டரம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"விடுய்யா, போதும்! போய் வலைய இழு."