அந்தோணிசாமி கேட்ட பேர்

பஸ் தொழிலாளர் கலவரம் நடந்த அதே வருஷம்தான் சிங்கப்பூரில் சேமநிதி வந்தது. அதை எங்களுக்குப் புரியவைத்த அந்தோணிசாமி அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலமானார். செய்தி வந்தபோது ரப்பர் கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கிடங்கு ஆபீசில் தொழிலாளர் காரியங்களைப் பார்த்தவர் அவர். சம்பளத்தில் பிடிக்கப்போகிறார்கள் என்றதும் நாங்கள் கொதித்தோம். சாப்பாட்டு வேளையில் எங்களோடு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட பிடிக்கிற அளவு முதலாளியும் போடணும். ஐம்பத்தஞ்சு வயசுல மொத்தமா உங்க கைக்கு வரும்."

"அதுக்குள்ள செத்துட்டா?" என்றான் என் அறைக்கூட்டாளி கோவிந்தன்.

"அதுக்குத்தான், பணம் யாருக்குப் போகணும்னு ஆளுக்கொரு பேர் கேக்கிறேன்."

"உசிரோட இருக்கும்போதே கருமாதிக்கு ஆள் தேடுறீங்களே சார்."

"நேத்தே என் சம்சாரம் பேரைக் கொடுத்துட்டேன். இன்னிக்கு ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்லா."

சிரித்துவிட்டோம்.

எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. "மாரியம்மனுக்கு எழுதுங்க" என்றேன்.

"அம்மனுக்கு அடையாளக் கார்டு இல்லையேண்ணே. காய்ச்சல்ல படுத்தா யார் கஞ்சி கொண்டு வருவாங்க? அந்தப் பேரைச் சொல்லுங்க."

கொண்டுவந்தது செல்லம்மா. சிராங்கூன் ரோட்டுச் சந்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட விதவை. அத்தனை ஆண்கள் நடுவே சொன்னால் அந்தம்மாவைத்தான் நாக்கில் போட்டுப் புரட்டுவார்கள். ஊரிலிருந்த அண்ணன் பேரைச் சொல்லி ரேகை வைத்தேன்.

தீபாவளி முடிந்தால் அந்தோணிசாமி அவர்கள் சுற்றி வருவார். புதிதாகக் கல்யாணம் ஆனவர், மனைவியை இழந்தவர், தம்பியோடு முறைத்துக்கொண்டவர், எல்லாரிடமும் ஒரே கேள்வி: "பேர் மாத்தணுமா?" ஒருமுறை சொல்லிவிட்டு மறந்தால் வேண்டாதவர் கைக்குப் போய்விடும் என்பார்.

அண்ணன் இறந்ததும் கோவிந்தனைச் சொன்னேன். போன வருஷம் அவனும் போய்விட்டான். அப்போது அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"யாருன்னு கேக்கலண்ணே. தயங்குறீங்கன்னா யாரோ இருக்காங்க. அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேளுங்க."

கேட்பதற்குள் அவர் படுக்கையில் விழுந்துவிட்டார். மாதா கோயிலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே சமையற்கட்டுக்குப் போய்க் கேட்டேன். செல்லம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"காசு எனக்கு வேணாம். என் பேரைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு பயமா?"

அந்தோணிசாமி அவர்களே, நிம்மதியாகப் போய் வாருங்கள். நேற்று உங்கள் நாற்காலிக்கு வந்த புதுப் பிள்ளையிடம், கிடங்கே கேட்க, உரக்கச் சொல்லிவிட்டேன். அண்ணன் இல்லை, கோவிந்தன் இல்லை, கேட்ட நீங்களும் இல்லை. இருப்பது செல்லம்மா.