எலுமிச்சைத் தோலும் உச்சிவெயிலும்

காளவாசல் மருந்துக்கடைப் பெண் என் புறங்கையில் ஒரு சொட்டு சீரம் விட்டுத் தேய்த்தாள். "வைட்டமின் சி மேடம், ஆன்டிஆக்ஸிடன்ட். முகம் தெளிஞ்சிரும்." எலுமிச்சை வாசனை வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் செல்லூரில் நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைத்தோம். அக்காவைப் பெண் பார்க்க வர ஒரு வாரம் இருந்தது. சாதத்துக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோலை அம்மா அவள் முகத்தில் தேய்த்துவிட்டு, "கழுவிராத, ஊறட்டும்" என்றாள்.

அன்று மொட்டைமாடியில் நூல் காயப்போடுவது என் முறை. அசதி என்று படுத்துக்கொண்டேன்.

"நீ படுடி, நான் போறேன்" என்று ஈர நூலைத் தூக்கிக்கொண்டு உச்சிவெயிலில் அக்கா படியேறினாள்.

இரண்டே நாளில் கன்னம் சிவந்து வெந்து, பிறகு திட்டுத்திட்டாகக் கருத்தது. மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தின்றுவிட்டு, "மூஞ்சியில என்ன, அம்புட்டுக் கருப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் தகவலே இல்லை.

"எலுமிச்சையவே தேய்ச்சா ஆகாதாம்மா?" என்று மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன்.

"வேணாம் மேடம். அதோட வெயில்ல போனா தோலு வெந்துரும்."

அம்மா சாகும்வரை தன் கைராசியைத்தான் நொந்துகொண்டாள். நூல் காயப்போடுவது யார் முறை என்று அக்கா அவளிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.