தூங்கினால்தான் அப்பா

ரயில் கேட் வேலையில் எதுவும் முதலில் காதுக்குத்தான் வரும்: தூரத்தில் ஒரு ஊதல், பிறகு தண்டவாளத்தில் ஒரு முனகல், அதற்கப்புறம்தான் வண்டியின் விளக்கு. பிரிக்பீல்ட்ஸ் கேட்டில் பன்னிரண்டு வருஷமாக ராத்திரி விழித்துப் பகலில் தூங்குகிறேன். என்னைப் போல ராத்திரி வேலைக்கு வாக்கப்பட்டவர்களே, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் யார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

வால்

என் மகள் அஞ்சலைக்கு இரண்டு வயது முடிந்து பேச்சு வந்த சமயம். பகலில் நான் தூங்கும்போது அவள் கத்தினால் என் சம்சாரம் உதட்டில் விரல் வைத்து, "உஸ்! அப்பா!" என்று அடக்குவாள். ஒரு சாயங்காலம் இருவரும் கேட்டுக்குச் சோறு கொண்டுவந்தார்கள். கொட்டகை நிழலில் ஒரு செவலை நாய் சுருண்டு தூங்கியது. அஞ்சலை உதட்டில் விரலை வைத்தாள். நாயைக் காட்டி, "உஸ்! அப்பா!" என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பகல் கேட்காரர் மரியதாஸ் கேட்டார்: "ஏண்ணே, வாலை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

கித்தான் நாற்காலி

இன்னொரு நாள் சீனி வாங்கப் போனோம். கடைக்காரச் சீனர் கித்தான் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கினார். அஞ்சலை, வருகிறவர்களையெல்லாம் "உஸ்! அப்பா!" என்று நிறுத்தினாள். மூன்று பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கண் விழித்த சீனர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நல்ல புள்ள லா. எங்க வீட்டுப் புள்ள தூங்கவே விடாது."

பெஞ்சி

அன்று வீட்டில் அவளை மடியில் வைத்து, "நான் யாரு?" என்றேன். "ஏங்க" என்றாள். சம்சாரம் என்னை அப்படித்தானே கூப்பிடுகிறாள்! எழுத்துக்கூட்டித் தானாகப் படித்தவன் நான். பழைய அகராதியைப் புரட்டினேன். அப்பன் என்றால் தகப்பன் என்று போட்டிருந்தது. தூக்கத்தைப் பற்றி ஒன்றுமில்லை. தப்பு யாருடையது என்று விளங்கவில்லை.

அடுத்த வாரம், கிள்ளானில் தன் அக்காள் வீட்டுக்குப் போயிருந்த சம்சாரத்திடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கித் திரும்பினால் அஞ்சலையைக் காணோம். ஓடினேன். ஒரு போர்ட்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சியில் தூங்கியவனை உலுக்கிக்கொண்டிருந்தார். "உங்கப்பா எங்கே?" என்றதற்கு அவள் அவனைக் காட்டியிருக்கிறாள். அவன் பதறி எழுந்தான்: "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க!"

"நான்தான் அப்பா" என்றேன். அஞ்சலை என்னைப் பார்த்து, "ஏங்க" என்றாள். போர்ட்டர் பிடியை இறுக்கினார். "யாருய்யா நீ? போலீஸைக் கூப்பிடவா?" கிள்ளான் வண்டி ஊதியது. என்ன சொன்னால் நம்புவார்? துண்டை விரித்து பிளாட்பாரத்திலேயே படுத்துக் கண்ணை மூடினேன். போர்ட்டர் பிடியை விட்டிருக்க வேண்டும், சின்னக் கால்கள் ஓடி வந்தன. என் காதருகே, "உஸ்! அப்பா!"

போர்ட்டரின் குரல் கேட்டது: "எழுந்திரிங்கண்ணே, வண்டி போயிடும்."

பெற்றதால் அப்பா என்கிறது அகராதி, படுத்தால்தான் அப்பா என்கிறாள் மகள், எது சரியோ எனக்குத் தெரியவில்லை, பொழுது சாய்கிறது, கேட் விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் கரி படிந்திருக்கிறது, துடைக்கிறேன்.