வற்றாத கிணற்றை வற்றவைத்தோம்

யாத்திரைக்கு ஆள் கூட்டிப்போகிற தொழிலில் செபம் பயணிகளுடையது. தவம் முழுக்க நம்முடையது. சொந்தக்காரர் பத்துப் பேரை ஒரு வான் வண்டியில் ஏற்றி இறக்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டாயிரங்களில், மொன்றியல் நகரின் வில்லரே பகுதியில், தெப்பனர் என்கிற மூலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்துகொண்டு, நம்முடைய கத்தோலிக்கச் சனங்களை நான் அப்படித்தான் ஏற்றி இறக்கினேன். அதில் ஒரு பயணத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் பெயர்

அந்த முறை போனது இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு. அதன் வளவில், கல்லறைகளுக்கு நடுவே, கண் நோய் தீர்க்கும் என்று பெயரெடுத்த பழைய கிணறு ஒன்று உண்டு. பிலோமினா அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அவருடைய கணவர் மரிசலின் அண்ணைக்கு இடது கண் மங்கல். வலது கண்ணில் வெண்புரை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒப்பரேசன் திகதி, நாங்கள் திரும்பி வந்து மூன்றாம் நாள். மனுசன் பயணத்துக்கு வரவில்லை; கத்தி என்றாலே உதறல். என்னிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார்:

"தம்பி, அந்தத் தண்ணி வந்தா நான் ஆஸ்பத்திரிக்கு வாறன். வராட்டி, டொக்டர் வேற ஆளின்ர கண்ணைப் பார்க்கட்டும்."

கிணறு எங்கே?

யாழ்ப்பாணத்தாருக்குக் கிணறு என்றால் ஒரு கணக்கு இருக்கிறது: கட்டு, கப்பி, வாளி, எட்டிப் பார்த்தால் ஆழத்தில் தன் முகம். இங்கே நாலு கற்படி இறங்கினால் ஒரு கல்தொட்டி, அதில் முழங்கால் அளவு தண்ணீர், மேலே வாடிய இலைகள். வந்த பதினாறு பேரும் நானே தூர்த்துவிட்டது போல என்னைப் பார்த்தார்கள். ஞானப்பிரகாசம் அண்ணை ஊரில் தோட்டம் செய்தவர். இப்போது மொன்றியலுக்குப் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மகளோடு இருக்கிறார். கையை விட்டு அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்:

"இது கிணறில்லை, தம்பி. கிணறு வெட்ட யோசிச்ச இடம்."

யாருடைய தண்ணீர்?

கோயில் ஆங்கிலிக்கன் சபையுடையது என்பதை நான் முன்கூட்டியே சொல்லாதது என் பிழைதான். கழுத்துப்பட்டையோடு ஒரு பெண் பாதிரியார் வந்து கைகொடுத்ததும் பிலோமினா அக்காவின் முகம் கறுத்தது. மற்றச் சபைத் தண்ணீர் தன் மனுசனுக்கு வேலை செய்யுமா என்று என் காதில் கேட்டார். நான் சுற்றி வளைத்து விசாரித்தேன். சபைகள் பிரிவதற்கு வெகுகாலம் முந்திய கிணறு இது என்றார் பாதிரியார். ஞானப்பிரகாசம் அண்ணை அதை எல்லோருக்கும் தமிழாக்கினார்:

"கிணறு எங்கட. கோயிலை மட்டும் அவை வைச்சிருக்கினம்."

இறைப்பு

பாதிரியார் தேநீர் போட உள்ளே போனார். அந்த இடைவெளியில் ஞானப்பிரகாசம் அண்ணை பிரச்சினையைக் கிளப்பினார். ஊரில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, புது ஊற்று வந்தபிறகுதான் அந்தத் தண்ணீரை வாயில் வைப்போம்; கண்ணுக்கு விடும் தண்ணீரை இப்படியே அள்ளலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். என் சொல் எடுபட்ட பயணம் இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆண்கள் காற்சட்டையை மடித்துவிட்டார்கள். பெண்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒருவர் தன் காலுறையைக் கழற்றி அடிக்கல்லின் பாசியைத் தேய்த்தார். இருபது நிமிடத்தில் தொட்டி துடைத்து வைத்த சட்டி.

ஊர்க் கிணறு என்றால் ஊற்றுப் பொங்கி வந்திருக்கும். இங்கே நூல் போலக் கசிந்தது. பஸ் புறப்பட அரை மணி நேரம்தான் இருந்தது. பிலோமினா அக்கா படியில் குந்தி அழத் தொடங்கினார். தேநீர்த் தட்டோடு திரும்பிய பாதிரியார் தொட்டியைப் பார்த்தார், எங்கள் ஈரக் கால்களைப் பார்த்தார், பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"எந்த வறட்சியிலும் வற்றியதில்லை என்று பலகையில் எழுதியிருக்கிறோம். திருத்தி எழுதவேண்டும். நீங்கள் எந்த ஊர்?"

அழுத லேஞ்சி

கடைசியில் கல்லிடுக்குப் பாசியோடு அரைப் போத்தல் சேர்ந்தது. பெட்டிக்குள் வையுங்கள் என்றேன். தீர்த்தத்தைச் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பதா என்று அக்கா கைப்பையில் வைத்துக்கொண்டார். கைப்பையில் தண்ணீர் கொண்டுபோகத் தடை வந்த புதிது. விமான நிலையச் சோதனையில் அதிகாரி குப்பைத்தொட்டியைக் காட்டினார். அக்கா, நாங்கள் லேஞ்சி என்கிற கைக்குட்டையை எடுத்து, ஊறும்வரை அதில் ஊற்றி, மிச்சத்தைக் குடித்து, வெறும் போத்தலை நீட்டினார். சொட்டுகிற துணியைக் காட்டி இது என்ன என்று அதிகாரி கேட்டார். அக்கா தன் ஆங்கிலம் முழுவதையும் திரட்டிப் பதில் சொன்னார். சொல்லும்போது உண்மையாகவே அழுதுகொண்டிருந்ததால் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது:

"என்ர மனுசனுக்குக் கண் ஒப்பரேசன், ஐயா. இது நான் அழுத லேஞ்சி."

கட்டு அவிழ்த்த நாள்

மொன்றியலில் இறங்கும்போது லேஞ்சி முக்கால்வாசி காய்ந்திருந்தது. ஒப்பரேசன் அன்று காலை அக்கா அதை மரிசலின் அண்ணையின் மூடிய இமைகளில் ஒற்றினார். மனுசன் மறுபேச்சில்லாமல் என் காரில் ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில் அவர் என் கையை விடவே இல்லை.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். அக்கா லேஞ்சியை நெஞ்சோடு பிடித்தபடி எதிரே நின்றார். மரிசலின் அண்ணை கண்ணைச் சிமிட்டினார். எங்கள் முகங்களை விட்டுவிட்டு, லேஞ்சியில் படிந்திருந்த பச்சைப் பாசியை நிதானமாகப் பார்த்தார்:

"பிலோமினா, இந்த ஊத்தைச் சீலைத்துண்டையோ என்ர கண்ணில வைச்சனீர்?"

பதினாறு பேரைக் கூட்டிப்போய்க் கிணறு இறைத்து நான் கண்ட பலன், குறை பிடிப்பதில் ஏற்கெனவே கெட்டிக்காரரான ஒருவருக்கு அதற்கு வேண்டிய கண்ணையும் வாங்கிக் கொடுத்ததுதான்.