முந்திரிப் பால் பட்ட முழங்கால்

‘பங்குனி முதல் வெள்ளி. மாற்று மூட்டு வைத்த கால் சிவந்து சுடுகிறது’ என்று மனைவியைப் பற்றி நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன்.

“கொட்டை உடைக்கையில முந்திரிப் பாலு தெறிச்சிருச்சுங்க. ஜெயங்கொண்டத்துல யாருக்குத்தான் படல?” என்றாள்.

நான் நம்பவில்லை. கொட்டை ஓட்டிலிருந்து கசியும் அந்தப் பால் பட்ட தோல் வெந்து, கறுத்து உரியும். இது உள்ளிருந்து வீங்கியிருந்தது.

திருச்சி டாக்டர் மூட்டிலிருந்து நீர் எடுக்குமுன் கேட்டார்: “கிருமியைக் கொல்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதும் போட்டீங்களாம்மா? போட்டிருந்தா கிருமி இருந்தாலும் பரிசோதனையில தெரியாமப் போயிடும்.”

“இல்லீங்க சார்.”

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்: “மெடிக்கல்ல எதுவும் வாங்குனியா?”

“வாங்க இன்ஸ்பெக்டரு! தைலம் வாங்குனேன், கைது பண்ணுங்க.”

மருந்துக்கடைக்காரரும் தைலம் என்றார், நான் கேட்டு முடிக்கும் முன்பே.

கிருமி வளரவில்லை என்று முடிவு வந்தது. வீக்கம் வடியாததால் மறுபடி நீர் எடுக்கப்போகிறார்கள். அவள் மாத்திரை விழுங்கினாளா என்பது இதுவரை உறுதியாகவில்லை.